ஓஷில் படகைத் திருப்பிய நாள்

“சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுக்கு முன்னாடி பொறந்தவங்க படகு ஓட்டப் பரீட்சை எழுத வேண்டாம். அப்படின்னா என்ன? எங்களுக்கெல்லாம் பொறக்கும்போதே தெரியும்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டிருக்கு.”

என் கணவர் தோர்லைவ் இதைக் காபி குடிக்கும்போதெல்லாம் சொல்வார். சொல்வது எங்கள் மருமகள் ஓஷிலைப் பார்த்து. அவள் பிறந்தது எண்பத்திரண்டில்.

“ரெண்டு வருஷம் லேட்டாப் பொறந்துட்டேன். என்ன பண்றது, எங்கம்மா அவசரப்படல,” என்பாள் அவள்.

ஓஷில் எங்கள் பக்கத்துப் பெண் இல்லை. ஸ்வீடன் எல்லையோரம், காட்டுமான் நடமாடும் உள்நாட்டுக் காட்டூர். கடலை முதன்முதலில் பார்த்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயதாம். என் மகன் யோஸ்தைன் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை செய்கிறான். இரண்டு வாரம் கடலில், நாலு வாரம் வீட்டில். அவன் இல்லாத இரண்டு வாரமும் இந்தத் தீவில் அவள் நடந்துதான் போக வேண்டும், இல்லையென்றால் ஃபெரிக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு பிப்ரவரி மாலை, சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்:

“நான் படகு வாங்கப் போறேன்.”

“யார் ஓட்டறது?” என்றார் தோர்லைவ்.

“நான்.”

“ம்,” என்று உருளைக்கிழங்கை உரித்தார். எங்கள் வீட்டில் அது ஒரு முழு வாக்கியம்.

மாலை வகுப்புக்குப் போனாள். பரீட்சை எழுதினாள். மார்ச் மாதம் ஐந்தே கால் மீட்டர் நீளமுள்ள பழைய பிளாஸ்டிக் படகு ஒன்றை வாங்கினாள், நாற்பது குதிரைசக்தி எஞ்சினோடு. தோர்லைவ் தன் மீன்பிடிப் படகை விற்று அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு ஆடும் பலகையில் நிற்க முடியவில்லை. அன்றிலிருந்து தினமும் படகுத்துறைக்கு நடந்து போய் மற்றவர்கள் படகுக்குப் புத்தி சொல்லிவிட்டு வருவார். யாரும் கேட்டதில்லை.

ஏப்ரலில் ஒரு போன் வந்தது. விழாக் குழுவிலிருந்து வென்கெ. மே பதினேழு அன்று, எங்கள் நாட்டின் தேசிய நாளில், சர்ச் தீவில் நினைவுக் கல்லுக்கு முன்னால் நண்பகல் பன்னிரண்டுக்கு ஒருவர் பேசுவார். பதினெட்டு வருஷமாக அதை ஹில்மார்தான் பேசிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எங்கள் தீவுக்காரர். ஒரே பேச்சுதான், வருஷத்தை மட்டும் மாற்றுவார்.

“இந்தத் தடவை நீங்க பேசுங்களேன், தோர்லைவ்,” என்றாள் வென்கெ.

“நானா? மீன் நாத்தம் அடிக்குமே?”

“அதுக்குத்தான் கேக்கறோம்.”

போனை வைத்துவிட்டுச் சமையலறை நடுவில் நின்றார். எழுபத்து நாலு வயது மனிதரை ஒருவர்கூட இதுவரை மேடைக்குக் கூப்பிட்டதில்லை. “குட்ருன், வெள்ளைத் தாள் எங்க வச்சிருக்கே?” என்று மட்டும் கேட்டார். அப்புறம் மூன்று வாரம் நான் அந்தத் தாளோடுதான் குடும்பம் நடத்தினேன். தூக்கத்தில்கூட “மதிப்பிற்குரிய” என்று ஆரம்பித்தார்.

அங்கே போவது எப்படி என்பது அடுத்த கேள்வி. விடுமுறை நாளில் ஃபெரி காலை ஏழுக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஏழு மணிக்குப் போய் ஐந்து மணி நேரம் காற்றில் நிற்க அவர் இடுப்பு ஒப்புக்கொள்ளாது.

“நான் கூட்டிட்டுப் போறேன்,” என்றாள் ஓஷில். “ஆனா ஒன்பது மணிக்குக் கிளம்பணும்.”

“ஒன்பதுக்கா? இருபத்தஞ்சு நிமிஷப் பயணம். பதினொண்ணுக்குக் கிளம்பினாப் போதும்.”

“பத்து மணிக்கு வற்றம், கடல் இறங்கத் தொடங்குது. காத்து தென்மேற்குன்னு போட்டிருக்கான். தொண்டையில தண்ணி வெளிய ஓட, காத்து உள்ள அடிக்க...”

“தொண்டையைப் பத்தி எனக்குச் சொல்றியா நீ?”

தொண்டை என்று நாங்கள் சொல்வது இரண்டு தீவுகளுக்கு இடையில் உள்ள இடுக்கை. அதைத் தாண்டினால் சர்ச் தீவு கண்ணில் படும். தண்ணீரும் காற்றும் ஒரே பக்கம் போகும்போது அது கண்ணாடி. எதிரெதிராக மோதும்போது அலை சுவர் மாதிரி எழும்பி, ஒன்றின் முதுகில் ஒன்று விழும். எங்கள் வீட்டில் அதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. எல்லோருக்கும் தெரியும். தோர்லைவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

மே பதினேழு வந்தது. யோஸ்தைன் அந்த வாரம் மேடையில் இருந்தான். எட்டு மணிக்குக் கொடி ஏற்றினோம். முட்டைப் பொரியலும் புகையிட்ட சால்மனும் சாப்பிட்டோம். ஒன்பது மணிக்கு ஓஷில் வாசலில் நின்றாள். தன் ஊர்ப் பாரம்பரிய உடையான புனாத், அதற்கு மேல் மழைக்கோட்டு, கையில் சாவி.

“தோர்லைவ், நேரமாச்சு.”

“ஒரு பத்தி மாத்தணும். உக்காரு.”

ஒன்பதரைக்கு நான் போய்ப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தை அடித்து மறுபடி முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

“யோவ், அந்தப் பொண்ணு நிக்குது.”

“ஹெர்ரிங் மீன் பத்தி ஒரு வரி விட்டுப்போச்சு, குட்ருன். ஹெர்ரிங் இல்லாம இந்தக் கரையில என்ன சரித்திரம்?”

பத்தே காலுக்குத் தாளை மடித்து உள்பாக்கெட்டில் வைத்தார். அப்புறம் வெள்ளிப் பொத்தான் ஒன்றைக் காணோம் என்று கட்டிலுக்கடியில் தேடினோம். படகுத்துறைக்கு வந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. ஓஷில் நேரே படகில் இறங்கினாள். பெட்ரோலைப் பார்த்தாள், எஞ்சினைப் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரிக்கு போனில் எழுதினாள்: மூன்று பேர், சர்ச் தீவு, மதியம் ஒரு மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புப் படகைக் கூப்பிடு.

“நாம என்ன வட துருவத்துக்கா போறோம்?” என்றார் தோர்லைவ்.

அவள் பதிலுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டை நீட்டினாள். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

இங்கே நான் என் பங்கைச் சொல்லிவிட வேண்டும். என் மார்பில் இருந்தது என் அம்மா கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளிப் பதக்கம். தொங்கும் சின்னச் சின்ன வெள்ளித் தட்டுகள், நடந்தால் கிணுகிணுக்கும். வருஷத்தில் ஒருநாள் அதைக் காட்டவே புனாத் உடுத்துகிறோம். அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மூட்டையைக் கட்டுவதா?

“ஓஷில் கண்ணு, நான் உள்ளயே உக்காந்துக்கறேன். நகரவே மாட்டேன்.”

“போடாம என் படகுல யாரும் ஏற முடியாது.”

“பதக்கம் நசுங்கிடும்டி.”

“கழட்டிக் கைப்பையில போடுங்க. அங்க போய்க் குத்திக்கலாம்.”

“நான் ஐம்பத்தோரு வருஷம் இது இல்லாம கடல்ல...” என்று ஆரம்பித்தார் தோர்லைவ்.

“உங்க படகுல,” என்றாள். “இது என் படகு. நீங்க பேசப் போறீங்க, எனக்கும் போகணும்னு ஆசை. ஆனா ஜாக்கெட் இல்லாம கயிறை அவுக்க மாட்டேன்.”

தோர்லைவ் என்னைப் பார்த்தார். நான் பதக்கத்தைக் கழற்றினேன். அவரும் மாட்டிக்கொண்டார், யாரோ சட்டைப்பையில் கைவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. படகில் ஏறியதும் பழக்க தோஷம், நேரே சுக்கானுக்குப் போய் நின்றார்.

“அது என் இடம்,” என்றாள் ஓஷில்.

எனக்குத் தெரிந்து முதல்முறையாக என் கணவர் ஒரு படகின் முன்பலகையில், என் பக்கத்தில், பயணியாக உட்கார்ந்தார். ஓஷில் சிவப்புச் சுருள் கயிற்றைத் தன் மணிக்கட்டில் மாட்டினாள். அவள் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கி எஞ்சின் நின்றுவிடும்.

“கன்னுக்குட்டி மாதிரி கட்டிப் போட்டுக்கறா,” என்று என் காதில் முணுமுணுத்தார்.

“கேக்குது,” என்றாள் பின்னாலிருந்து.

மணி பத்து ஐம்பது. உள்ளே கடல் சாதுவாக இருந்தது. வெயில்கூட அடித்தது. தோர்லைவ் பாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “பதினொண்ணேகாலுக்குப் போயிடுவோம். ஒரு காபி குடிக்கலாம்,” என்றார். முனையைச் சுற்றினோம். தொண்டை தெரிந்தது.

வெள்ளை. இடுக்கு முழுக்க வெள்ளை.

ஓஷில் எஞ்சினைக் குறைத்தாள். படகு அதே இடத்தில் ஆடிக்கொண்டு நின்றது. அவள் எழுந்து நின்று பார்த்தாள். ஒரு நிமிஷம் இருக்கும்.

“என்ன, போயேன்,” என்றார் தோர்லைவ்.

“பாக்கறேன்.”

“பாக்க என்ன இருக்கு? நடுவுல ஒரு இருநூறு மீட்டர்தான் ஆட்டம். வேகத்தைக் கொஞ்சம் கொறச்சு, அலையைக் கொஞ்சம் சாய்வா வாங்கிப் போ. அப்புறம் ஒண்ணுமில்ல.”

“உள்வழியாப் போனா எவ்வளவு நேரம் ஆகும்?”

“உள்வழியா? பாறை நடுவுல, வழிகாட்டிக் கம்பத்தை எண்ணிக்கிட்டா? ஒண்ணேகால் மணி நேரம். பன்னெண்டுக்கு நான் அங்க நிக்கணும்!”

“தெரியும்.”

அப்போது பின்னால் ஒரு எஞ்சின் சத்தம். ஹில்மாரின் மகன் ரோய், தன் படகில், பின்னால் பெரிய கொடி பறக்க. பக்கத்தில் ஹில்மார், கோட்டும் டையும். யாரும் ஜாக்கெட் போடவில்லை.

“என்ன பெருசு, எஞ்சின் படுத்துக்கிச்சா?” என்று கத்தினான் ரோய்.

“இல்ல, யோசிக்கறோம்,” என்றாள் ஓஷில்.

“யோசிங்க யோசிங்க! அடுத்த வருஷத்துக்குள்ள முடிவு பண்ணிடுங்க!”

ஹில்மார் தொப்பியைத் தூக்கி எங்களுக்கு வணக்கம் சொன்னார். அந்த மனிதரை எனக்குத் தெரியும். பழைய பேச்சு அவர் பாக்கெட்டில் கட்டாயம் இருக்கும். தோர்லைவ் வரவில்லை என்றால் பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷத்தில் அவர் மைக்கைப் பிடித்துவிடுவார். தோர்லைவுக்கும் அது தெரியும். அவர் காது சிவந்துபோயிருந்தது.

ரோயின் படகு உள்ளே போனது. முதல் அலையில் முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. அப்புறம் காணாமல் போனது. அப்புறம் கொடி மட்டும் தெரிந்தது.

“பாத்தியா, போறான்ல?” என்றார் தோர்லைவ்.

“அவன் படகு இதைவிட ஒரு மீட்டர் நீளம்.”

“ஓஷில், இங்க பாரு பொண்ணே. பதினெட்டு வருஷமா அந்த ஆள் பேசறதை நின்னு கேட்டிருக்கேன். இன்னிக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள்.”

கெஞ்சல் மாதிரிதான் இருந்தது. என் கணவர் கெஞ்சி நான் கேட்டதில்லை. போய்த் தொலையலாமே, நனைந்தால் நனைகிறது என்று வாய்வரை வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன்.

ஓஷில் அவரை நேராகப் பார்த்தாள்.

“தோர்லைவ், ஒண்ணு கேக்கறேன். இன்னிக்குப் பேச்சு எதுவும் இல்லைன்னு வச்சுக்குங்க. சும்மா மீன் பிடிக்க வந்திருக்கீங்க. இந்தப் படகு, பக்கத்துல குட்ருன் உக்காந்திருக்காங்க. இப்ப போவீங்களா?”

அவர் தொண்டையைப் பார்த்தார். பாக்கெட்டைத் தொட்டிருந்த கையை எடுத்தார்.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சுக்கானைத் திருப்பினாள். படகு வட்டமடித்து, வந்த வழியில் முகத்தைத் திருப்பியது.

உள்வழி நீளமானது, அமைதியானது. கம்பத்துக்குக் கம்பம், மெதுவாக. பாறைமேல் கடல்வாத்துகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. பதினொன்றரைக்கு தோர்லைவ் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். பிறகு திடீரென்று எழுந்தார்.

“இடது பக்கம் ஒரு பாறை...”

“தண்ணிக்கடியில ஒரு மீட்டர். வலது பக்கமாப் போறேன்.”

“யாரு சொன்னா?”

“வரைபடத்துல இருக்கு.”

“அதை வரைபடத்துல போட்டுட்டானா?” என்று உட்கார்ந்தார். அது அவர் மட்டும் வைத்திருந்த ரகசியம் என்று ஐம்பது வருஷமாக நினைத்திருந்தார்.

நாங்கள் துறையைத் தொட்டபோது பன்னிரண்டு இருபது. மேட்டிலிருந்து ஒலிபெருக்கியில் ஹில்மார் குரல் தெளிவாகக் கேட்டது. “...இந்தக் கொடியின் கீழ் நாம்...” எனக்கு மனப்பாடம். அதற்கப்புறம் “நமது முன்னோர்” வரும். வந்தது.

ஓஷில் துறையில் கயிற்றைக் கட்டிக்கொண்டே, “நீங்க ரெண்டு பேரும் போங்க. மன்னிச்சுக்கங்க, தோர்லைவ்,” என்றாள்.

அவர் ஏணியில் ஏறினார்.

மேலே கைதட்டல் முடிந்து வாத்தியக் குழு நகர்ந்துகொண்டிருந்தது. ரோய் கூட்டத்தின் நடுவில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தான். அவனும் அப்பாவும் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. புதுக்கோட்டு தோள்வரை உப்புத் தண்ணீர், கொடி கம்போடு போய்விட்டது, ஹில்மாரின் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அவர்களுக்கு ஏதாவது நடந்திருந்தால் எங்கள் பாடு சுலபமாக இருந்திருக்கும். நடக்கவில்லை.

“தொண்டையைப் பாத்ததும் மருமக பயந்துட்டா!” என்று சிரித்தான் ரோய். “காட்டுமான் ஊர்க்காரி, என்ன பண்ணுவா பாவம்!”

வென்கெ ஓடி வந்தாள். முகம் செத்துப் போயிருந்தது. “தோர்லைவ், பத்து நிமிஷம் காத்திருந்தோம். பிள்ளைங்க வெயில்ல நிக்குதுங்க, வாத்தியக்காரங்க... நான் என்ன செய்ய?”

“பரவாயில்ல. எல்லாம் சரிதான்,” என்றார். திரும்பி நடக்கத் தொடங்கினார்.

“இருங்க, சாசேஜ் வரிசையில எண்பது பேர் நிக்கறாங்க. மைக்கை அங்க இழுத்துட்டு வரட்டுமா? ஒருத்தரும் நகர மாட்டாங்க, இடம் போயிடும்னு.”

அவர் நின்றார். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

“யோவ் கிழவா,” என்றேன் நான். “மூணு வாரமா அந்த ஹெர்ரிங் மீனோட நான் படுத்து எழுந்திருக்கேன். யாருக்காவது சொல்லிட்டு வா. எனக்கு மட்டும் ஏன் தண்டனை?”

அப்படித்தான் தோர்லைவ் பேசினார், நினைவுக் கல்லுக்கு முன்னால் இல்லை, சாசேஜ் அடுப்புக்குப் பக்கத்தில், கடுகுச் சாஸ் பாட்டில்களுக்கு நடுவில். தாளை எடுத்தார். பிரித்தார். பார்த்தார். மறுபடி மடித்தார்.

“பன்னெண்டு மணிக்குப் பேச வேண்டியவன் நான்,” என்றார். “ஏன் லேட்டுன்னு ரோய் உங்களுக்குச் சொல்லியிருப்பான். அவன் சொன்னது தப்பு. ஒன்பது மணிக்குக் கிளம்பச் சொன்னா என் மருமக. கிளம்பாதது நான். உக்காந்து பேச்சு எழுதிக்கிட்டிருந்தேன். அதனால தொண்டை வெள்ளையாகற நேரத்துக்கு அங்க போய் நின்னோம்.”

ரோய்கூடத் திரும்பிப் பார்த்தான்.

“போலாம்னு நான் சொன்னேன். என் மனைவி பக்கத்துல உக்காந்திருக்கா, நான் போலாம்னு சொல்றேன். ஏன்? இன்னிக்கு என் நாள்னு. ஐம்பத்தோரு வருஷம் கடல்ல இருந்தவன் சொல்றேன்: தெரிஞ்சே சொன்னேன். அவ திருப்பினா. எல்லாரும் பாக்க, கேலி பண்ண, திருப்பினா. நான் நல்லா ஓட்டுவேன், அது உங்களுக்குத் தெரியும். ஆனா இன்னிக்கு அந்தப் படகுல என்னைவிட நல்ல தலைவர் இருந்தா. அவ்வளவுதான். இப்ப ஹெர்ரிங் பத்திச் சொல்றேன்.”

சொன்னார். பதினான்கு நிமிஷம் சொன்னார். கொஞ்சம் நீளம்தான். இரண்டு பேர் தங்கள் சாசேஜ் வாங்கிய பிறகும் நின்று கேட்டார்கள். முடிந்ததும் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார்கள். ஹில்மார் வந்து கைகொடுத்தார். “அந்த ஹெர்ரிங் வருஷம் ஐம்பத்தாறு இல்ல, ஐம்பத்தேழு,” என்று திருத்தவும் செய்தார்.

நான் சுற்றிப் பார்த்தேன். ஓஷிலைக் காணோம்.

துறைக்கு ஓடினேன், என் வயதில் அது என்ன ஓட்டமோ. அவள் அங்கே ஏணியின் பக்கத்தில் குந்தி, கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். படகு வாங்கிய புதிதில், ஏப்ரலில், தண்ணீர் இரண்டு மீட்டர் இறங்கும் என்று நினைக்காமல் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனாள். திரும்பி வந்தால் படகு துறையில் காயப்போட்ட காட் மீன் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வற்றத்தின்போது அவள் படகைவிட்டு நெடுநேரம் விலகுவதில்லை.

“ஏய், கேட்டியா? ஒலிபெருக்கியில கேட்டுதா?”

“இல்லையே. நீங்க போனதும் காத்து ஏறிடுச்சு. என்ன, ஹில்மார் முடிச்சிட்டாரா?”

“அடிப் பாவி! அவர் பேசினார்டி! எண்பது பேர் முன்னாடி! உன்னைப் பத்தி!”

எழுந்து நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. “திட்டினாரா?”

மூச்சு வாங்க உட்கார்ந்து சொன்னேன், முதலிலிருந்து, அவர் குரலிலேயே. ஒன்பது மணி சொன்னதை, திருப்பினதைச் சொன்னேன். அவள் கயிற்றைக் கையில் வைத்தபடி கேட்டாள். கண் நிறைந்தது.

“கடைசில என்ன சொன்னார்? மறுபடி சொல்லுங்க, குட்ருன்.”

“சொன்னேனே. ‘இன்னிக்கு அந்தப் படகுல நல்ல தலைவர் ஒருத்தர் இருந்தா’ன்னு...”

“அப்படிச் சொல்லல,” என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

துறையில் தோர்லைவ் நின்றார், ஒரு கையில் மூன்று சாசேஜ்.

“‘என்னைவிட நல்ல’ன்னு சொன்னேன்,” என்றார். “கதை சொல்றவ ஒழுங்காச் சொல்லு.”